புயற்காலப் பயணமும் காப்பீடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சுற்றுலாக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் கேட்டுப் பழகிய இம்மேடையில் இன்ஷ்யூரன்ஸைப் பற்றிப் பேச வந்து நிற்கிறோம். கேட்போர் எழுந்து போய்விடக் கூடாதே என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. ஆதலால் முதலில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிடுகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய பார்படாஸில், பிரிட்ஜ்டவுன் நகரத்து மைதானத்தில் நம் நாட்டு அணியினர் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றதை இங்குள்ள சிறுவர்கூட ஒரு பந்தும் விடாமல் சொல்வார்கள். வென்றவர்கள் உடனே தாயகம் திரும்பினார்களா? இல்லை. பெரில் என்னும் புயல் தீவை நெருங்கிற்று. விமான நிலையம் மூடப்பட்டது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விடுதி அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த அவ்வீரர்கள், ஜூலை 3-ஆம் நாள் தனி விமானத்தில் ஏறி 4-ஆம் நாள் காலையில்தான் டில்லி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு விமானம் அனுப்பக் கிரிக்கெட் வாரியம் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

(பெரில் என்பது ஒரு மணியின் பெயர். அச்சொல் கிரேக்கர் வழியாகச் சென்றதென்றும், நம் நாட்டு வைடூரியம் என்ற சொல்லோடு உறவுடையதென்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். கொங்கு நாட்டு மணி உரோமாபுரிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. இது நம் பேச்சுக்குப் புறம்பானது. தமிழ்ச் சங்கத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?)

ஈண்டுக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்புயலுக்குப் பெயர் வைக்கப்பட்டது ஜூன் 28-ஆம் நாள். அஃதாவது, இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள். அன்று வரையில் பயணக் காப்பீடு எடுத்திருந்தவருக்கு அப்புயலால் வந்த நஷ்டத்தைக் கேட்க வழி இருந்தது. பெயர் வந்த பிறகு எடுத்தவருக்கு, மற்ற எதற்காகக் கேட்டாலும், அப்புயலின் பொருட்டுக் கேட்க வழி இல்லை. பயணக் காப்பீட்டைப் பற்றி நாங்கள் கற்றுக்கொண்டவற்றுள் தலையாயது இதுவே. அதை நாங்கள் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் புரிக்குப் புறப்பட ஏற்பாடு செய்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். பதினேழு பேர். மே மாதம் 3-ஆம் நாள் காலையில் புரியில் இறங்குவது, மூன்று நாள் கடற்கரை விடுதி, ஜகந்நாதர் தரிசனம், கோனாரக், சில்கா ஏரி, பிறகு ஊர் திரும்புவது என்பது திட்டம். விடுதிக்கும் சுற்றிப் பார்க்கும் வண்டிகளுக்கும் முழுத் தொகையையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டினோம். முன்பணத்தோடு நிறுத்தாமல் முழுப் பணத்தையும் கட்டியதற்கு நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி கிடைத்தது. அந்தத் தள்ளுபடியைப் பெரிய சாமர்த்தியமாக எண்ணி நாங்கள் மகிழ்ந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அப்பதினேழு பேருள் நம் பள்ளிக்கூடத்து ஆசிரியராயிருந்து மறைந்தவருடைய மனைவியாரும் ஒருவர். பென்ஷன் பணத்தில் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்து, தமக்கும் இரண்டு பேரப் பிள்ளைகளுக்குமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ரூபாய் நோட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து அவர் எண்ணிக் கொடுத்தது எங்கள் கண்ணில் இன்றும் நிற்கிறது.

ஏப்ரல் 27-ஆம் நாள் வங்கக் கடலில் உருவான புயலுக்கு ஃபானி என்று பெயரிட்டார்கள். முதலில் அது சென்னையை நோக்கி வரும் என்று பேச்சு. பத்திரிகையைப் படித்துவிட்டு, ஊரிலுள்ள உறவினரை எண்ணிக் கவலைப்பட்டோமேயன்றி நம் பயணத்தைப் பற்றி நினைக்கவில்லை. அது வடக்கே திரும்பி ஒரிசாக் கரையை நோக்குகிறது என்று தெரிந்த பிறகுதான், 30-ஆம் நாள் இரவில், எங்களில் ஒருவர், ‘இன்ஷ்யூரன்ஸ் எடுத்துவிட்டால் என்ன?’ என்றார். எல்லோரும் அவரைப் பாராட்டினோம். அன்றிரவே பதினேழு பேருக்கும் எடுத்தோம். ஆளுக்குச் சொற்பத் தொகைதான்.

மே 2-ஆம் நாளுக்குள் சுற்றுலாப் பயணிகள் புரியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கத்தார் அறிவித்தனர். புரியிலிருந்து தனி இரயில்களும் விடப்பட்டன. 3-ஆம் நாள் காலை எட்டு மணியளவில் புயல் புரிக்கு அருகே கரையைக் கடந்தது. நாங்கள் வீட்டிலேயே இருந்தோம்; அதற்காக இறைவனுக்கு நன்றி. நகரத்து வீடுகளின் கூரைகள் பறந்ததையும் மரங்கள் வேரோடு சாய்ந்ததையும் பார்த்தபோது, நம் பணத்தைப் பற்றிப் பேசுவதே வெட்கமாக இருந்தது. ஆயினும் பணம் பணந்தானே! இரயில்வே நிர்வாகம் வண்டியை ரத்து செய்தபடியால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்பி வந்தது. விடுதிப் பணமும் வண்டிப் பணமும் வரவில்லை. தள்ளுபடி விலையில் கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பத் தரப்படமாட்டாது என்ற வரி ரசீதின் பின்புறத்தில் இருந்தது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினோம். பணிவான பதில் வந்தது. பாலிசி எடுத்த நாளுக்கு முன்னரே இப்புயல் உலகறிந்த செய்தியாகிவிட்டதால் இக்கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்பது அதன் சாரம்.

கோபம் வந்தது, உண்மை. இரண்டு வாரம் சென்று ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தோம். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். கூண்டு ஏறியதும் மீனவர் படகைக் கரையேற்றிவிடுவர். ‘இப்போது என் படகுக்கு ஈடு எழுதிக்கொடு’ என்று ஒருவர் கேட்டால் யார்தான் எழுதிக்கொடுப்பார்? காப்பீடு என்பது, வருமோ வராதோ என்று தெரியாத தீங்குக்காகப் பலர் சேர்ந்து வைக்கும் பொதுப் பணம். வந்துகொண்டே இருக்கும் தீங்குக்கு அதில் இடம் கிடையாது. கம்பெனி செய்தது கணக்குப்படி சரியே. எங்கள் குறை வேறு: அன்றிரவு எங்களிடம் பிரீமியம் வாங்கியபோது, ‘இந்தப் புயலுக்கு இது உதவாது’ என்று ஒரு வரி அவர்கள் சொல்லியிருக்கலாம் அல்லவா?

நிற்க. இப்போது இதை ஏன் பேசுகிறோம்? இரண்டு காரணங்கள். ஒன்று, இவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் அந்தமான் போக வேண்டுமென்று இருபத்திரண்டு குடும்பத்தார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மற்றொன்று, அமெரிக்காவிலுள்ள நம் பிள்ளைகள், செப்டம்பரில் கட்டணம் மலிவு என்று சொல்லித் தாய் தந்தையரை வரவழைத்து, ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் கப்பல் உல்லாசப் பயணம் அழைத்துப் போகிறார்கள். சென்ற ஆண்டில் மட்டும் நம் குடியிருப்பிலிருந்து மூன்று தம்பதிகள் போய் வந்தார்கள்.

செப்டம்பரில் ஏன் மலிவு என்பதை முதலில் கேட்க வேண்டும். அட்லாண்டிக் கடலில் புயற்காலம் ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் 30 வரையில் நீடிக்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் பத்தாம் தேதியை ஒட்டியது. கோடை முழுதும் வெயிலை வாங்கிய கடல்நீர் இருபத்தாறு, இருபத்தேழு பாகைக்கு மேல் சூடேறி நிற்கும் காலம் அது. அந்தச் சூட்டிலிருந்து எழும் நீராவியே புயலுக்கு உணவு. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் இர்மா பார்புடாவையும் செயிண்ட் மார்ட்டினையும் அழித்தது. அதே மாதம் 20-ஆம் நாள் மரியா போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிற்று. 2019-இல் டோரியன் பஹாமாஸில் கரையேறியது செப்டம்பர் முதல் தேதி. ஆகவே விடுதிக்காரர் தரும் தள்ளுபடி தானமன்று. தம் அபாயத்தில் ஒரு பங்கை நம் தலையில் ஏற்றிவைத்து அதற்குக் கொடுக்கும் கூலி என்றே அதைக் கொள்ள வேண்டும். அக்கூலியில் ஒரு பகுதியைப் பிரீமியமாகக் கட்டிவிட்டால் கணக்கு நேராகும்.

நம் வங்கக் கடலுக்கோ ஆண்டில் இரண்டு பருவங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மற்றொன்று. பூஜை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை ஆகிய மூன்றும் இரண்டாவது பருவத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன. ஊருக்குப் போகும் நம் இரயில் பாதையும் கடற்கரையை ஒட்டியே போகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியில் நேர்ந்ததை மூத்தோருக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டி நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. அன்று கருவிகள் குறைவு. இன்று ஐந்து நாள் முன்னதாகவே பாதை தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் போகிறவரைத் தடுக்க எந்தப் பாலிசியாலும் முடியாது.

அந்தமானைப் பொறுத்த வரையில் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அப்போது ஹாவ்லாக் என்றும் இப்போது சுவராஜ் தீவு என்றும் வழங்கும் தீவிலும், அதன் அண்டைத் தீவிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் கப்பல் போக்குவரத்து நின்று சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் சென்றுதான் அவர்களை மீட்டன. அத்தனைக்கும் அது அப்போது புயலாகக்கூட வளரவில்லை. வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பின்னர் அதுவே வர்தா என்னும் பெயர் பெற்று டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிற்று. தாழ்வு மண்டலத்துக்குப் பெயர் கிடையாது. ஆகவே, பெயரிட்ட புயலுக்கு மட்டுமே ஈடு என்று எழுதியிருக்கும் பாலிசி அந்தமான் பயணிக்கு அரைகுறையாகத்தான் உதவும். ‘மோசமான வானிலையால் போக்குவரத்து நின்றால்’ என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாலிசியில் என்னென்ன இருக்கும்? புறப்படுமுன் பயணம் கைவிடப்பட்டால் ஒரு தொகை; பாதியில் திரும்ப நேர்ந்தால் ஒரு தொகை; குறித்த மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு; மருத்துவச் செலவு; ஆபத்தான இடத்திலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு. இவற்றுள் முதலாவதில்தான் வம்பு அதிகம். பயணத்தைக் கைவிடுவதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்களைப் பாலிசியில் ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். விடுதி தங்கத் தகாததாக இடிந்து போதல், விமானமோ கப்பலோ முற்றிலும் நின்று போதல், அரசாங்கம் கட்டாயமாக வெளியேறச் சொல்லுதல் முதலியன அப்பட்டியலில் இருக்கும். அச்சம் இருக்காது. ‘வானம் இருண்டிருக்கிறது, மனம் ஒப்பவில்லை’ என்று வீட்டில் நின்றுவிட்டால் கம்பெனி ஒரு காசும் தராது. ‘வெளியேறுவது நல்லது’ என்று அதிகாரிகள் யோசனை சொல்வதற்கும், ‘வெளியேறுக’ என்று ஆணையிடுவதற்கும் இடையே பல நூறு டாலர் வேற்றுமை உண்டு.

அச்சத்துக்கும் ஈடு வேண்டுமானால் அமெரிக்காவில் ஒருவகைப் பாலிசி கிடைக்கிறது: எக்காரணத்தாலும் பயணத்தைக் கைவிடலாம். ஆனால் முதல் முன்பணம் கட்டிய பதினான்கு முதல் இருபத்தொரு நாளைக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பதும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கைவிட வேண்டும் என்பதும் பொதுவான விதி. அப்போதும் முழுப் பணம் வராது. பாதி முதல் முக்கால் வரையில் வரும். விலையும் சாதாரணப் பாலிசியைவிடக் கூடுதல். முதியோரை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு அது தகும் என்பது எங்கள் அபிப்பிராயம். இளந்தம்பதிகளுக்கு அவ்வளவு அவசியமில்லை.

உல்லாசக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. புயல் வந்தால் கப்பல் பெரும்பாலும் பயணத்தை நிறுத்துவதில்லை, திசையை மாற்றிக்கொள்கிறது. கிழக்குத் தீவுகளைக் காட்டுவதாக அழைத்துச் சென்று மேற்கே மெக்ஸிகோவைக் காட்டித் திரும்பும். டிக்கெட்டின் விதிகளில் அதற்கு இடமிருக்கிறது. இறங்காத துறைமுகத்துக்குரிய வரியைத் திருப்பித் தருவதோடு சரி. நம்மவர் ஒருவர் அப்படித்தான் போய்வந்தார். மெக்ஸிகோ அழகாயிருந்ததாகவே சொல்கிறார்.

மருத்துவக் காப்பீட்டில்தான் நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்புகிறோம். அமெரிக்க மருத்துவமனையில் ஓரிரவு படுத்தெழும் செலவை இங்கே சொன்னால் சிலருக்கு இங்கேயே மருத்துவர் தேவைப்படும். இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று வரையறுத்துத் தரும் பாலிசி மலிவானது. உண்மைச் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. விலை சற்றுக் கூடினாலும் முழுமையான பாலிசியையே எடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலிய பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து எழுதியது பிரீமியம் கட்டும்போது இலாபமாகத் தோன்றும். பணம் கேட்கும்போது அதுவே பாலிசியைக் கொன்றுவிடும். இந்தியாவில் எடுக்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசியைப் புறப்படுமுன்பே எடுத்தாக வேண்டும். மருந்துகளைத் திரும்பும் நாளுக்கு மேல் பதினைந்து நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரில் புயல் ஜூலை 8-ஆம் நாள் டெக்ஸாஸில் கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. பல வீடுகளில் நாட்கணக்கில் வரவில்லை. இன்ஸுலின் வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாமல் போனால் என்ன செய்வதென்று அங்குள்ள பிள்ளைகளிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு வருவோம். இரயில் டிக்கெட் வாங்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகையில் இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். தவறாமல் எடுங்கள், மரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையில் உண்டு. ஆனால் அது விபத்துக்கு மட்டுந்தான். புயலால் வண்டி நின்றால் அதன்மூலம் எதுவும் வராது. டிக்கெட் பணத்தை இரயில்வேயே திருப்பித் தந்துவிடும். வானிலையால் விமானம் ரத்தானால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு விமானத்தில் போவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு; நஷ்ட ஈடு என்று தனியே கேட்க முடியாது. இவ்வாறு திரும்பிவந்த பணத்தை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்கலாகாது. அங்கே கேட்பது, வேறெங்கும் திரும்பாத பணத்துக்கு மட்டுமே. ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். விமானம் ரத்தான அறிவிப்பையும் கப்பல் நின்ற அறிவிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் கம்பெனிகள் ஏற்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, புயல் வராத இடத்துக்குப் போய்விடலாமே என்று போன கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பூமியின் சுழற்சி புயலைச் சுழற்றப் போதாது. ஆதலால் அங்கே புயல் மிக அரிது. சிங்கப்பூருக்கு அருகே 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் வாமெய் என்ற புயல் வந்தது. அது இன்றளவும் அதிசயமாகப் பேசப்படுகிறது. கரிபியக் கடலிலும் அரூபா, குராசோ போன்ற தென்கோடித் தீவுகளுக்கு அபாயம் குறைவு. சிங்கப்பூர் செல்லச் சங்கத்தின் நிதி இடங்கொடுக்குமா என்பதைப் பொருளாளரிடம் கேட்டோம். அவர் சிரித்தார்.

ஆகவே அந்தமான் திட்டத்தில் குழு செய்துள்ள மாற்றங்களைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, டிசம்பர் கடைசி வாரத்துக்குப் பதிலாக ஜனவரிக் கடைசி வாரம். குடியரசு தின விடுமுறையோடு நான்கு நாள் சேர்த்துக்கொண்டால் போதும். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் ஆட்சேபிப்பார்கள் என்று தெரியும். அதைக் கூட்டம் முடிந்தபின் பேசுவோம். இரண்டாவது, தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முழுத் தொகையும் முன்னதாகக் கட்டப்படமாட்டாது. மூன்றாவது, முன்பணம் வாங்கும் அன்றே ஒவ்வொருவருக்கும் பிரீமியமும் சேர்த்து வாங்கி, அன்று மாலைக்குள் பாலிசி எடுக்கப்படும். வானம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் இதில் மாற்றமில்லை. பாலிசியின் முக்கிய விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் தருவோம்.

படிவங்கள் வாயிலருகே மேசையில் உள்ளன. முதற் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பவர், முன்னர்ச் சொன்ன ஆசிரியரின் மனைவியாரே. பேரப் பிள்ளைகள் இருவரும் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். நேற்று மாலை வீட்டுக்கு வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார், அதே கைக்குட்டை. ‘இந்தத் தடவை இன்ஷ்யூரன்ஸ் சேர்த்துத்தானே?’ என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றோம். ரசீதின் பின்புறத்தைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் மடித்து வைத்துக்கொண்டார்.